ப்ரொசெசர் செட்டிங்கை மாற்றியதும் கம்பியூட்டர் எழும்பவில்லையா? போமட் அடிக்க முன் இதைச் செய்து பாருங்கள்

பயோசுக்குள் (விண்டோசுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் செட்டிங் பக்கம்) போய் ப்ரொசெசர் பக்கத்தில் ஏதோ ஒன்றை மாற்றி, சேவ் கொடுத்து, ரீஸ்டார்ட் ஆனதும் கம்பியூட்டர் எழும்பவே இல்லை. உடனே தலையில் கை வைக்காதீர்கள். ப்ரொசெசர் எரிந்துபோயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இப்போதுள்ள ப்ரொசெசர்கள் அளவுக்கு மீறிச் சூடானால் தாமே வேகத்தைக் குறைக்கும், அதுவும் போதாவிட்டால் தாமே நின்றுவிடும். வோல்டேஜைக் கண்மண் தெரியாமல் ஏற்றியிருந்தால் மட்டும் கதை வேறு. மற்றபடி நடந்தது இவ்வளவுதான்: நீங்கள் கொடுத்த செட்டிங்கோடு அதனால் ஓட முடியவில்லை, அந்தச் செட்டிங் எங்கேயோ சேமிக்கப்பட்டுக் கிடக்கிறது, ஒன் பண்ணும் ஒவ்வொரு முறையும் அதையே எடுத்துப் படித்துவிட்டு அதே இடத்தில் விழுகிறது. எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடித்து அழித்தால் சரி.

எங்கள் பக்கம், மட்டக்களப்பு டவுன் என்றாலும் கல்முனை என்றாலும், இப்படியொரு பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால் பல இடங்களில் முதலில் வரும் சொல் “போமட் அடிக்க வேணும்” என்பதுதான். அதாவது டிஸ்கை அழித்து விண்டோசைப் புதிதாகப் போடுவது. அடித்தால் டிஸ்கில் இருக்கும் கல்யாணப் படம், அசைன்மென்ட், கடைக்கணக்கு எல்லாம் போகும். மதர்போர்டில் கிடக்கும் பிழையான செட்டிங் மட்டும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அது டிஸ்கில் இல்லவே இல்லை. அதனால் போமட்டைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள், பெரும்பாலும் அந்த இடத்துக்குப் போகவே வேண்டிவராது.

இந்த வில்லங்கத்தில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. கேமுக்கு வேகம் வேணும் என்று ஓவர்குளொக் பண்ணுகிறவர்கள், அதாவது ப்ரொசெசரைக் கம்பனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிறவர்கள். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அனலாய் அடிக்கும்போது பெட்டி கொதிக்கிறது என்று வோல்டேஜைக் குறைக்கப் போகிறவர்கள். அப்புறம் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கிற பிள்ளைகள், வேர்ச்சுவல் மெஷின் போட வேண்டும், அண்ட்ரொய்ட் எமுலேட்டர் போட வேண்டும் என்று அதற்கு வேண்டிய வேர்ச்சுவலைசேஷன் என்ற செட்டிங்கைத் தேடி உள்ளே போய், போன கையோடு பக்கத்தில் இருக்கிற நாலைந்தையும் தட்டிவிட்டு வருகிறவர்கள்.

தெரிந்த தம்பி ஒருவர் கோல் எடுப்பார். “அண்ணே, கம்பியூட்டர் எழும்புதில்ல.”

“என்ன செஞ்ச நீ?”

“ஒண்டும் செய்யல்ல அண்ணே.”

“பயோசுக்குள்ள போனியா?”

“போனன், சும்மா பாத்தன்.” கொஞ்சம் நேரம் கழித்து, “ஒரு நம்பர மட்டும் மாத்தின.”

அந்த ஒரு நம்பர்தான் எங்களுக்கு வேணும். என்ன மாற்றினீர்கள் என்பதை மறக்க முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தாலும் அந்தத் தாளால் பாதி வேலை குறையும்.

எதுவரை வருகிறது என்று பாருங்கள்

எந்த ஸ்குரூவையும் கழற்ற முன் பார்க்க வேண்டியது இது. ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, ஆனால் மொனிட்டரில் போர்ட் கம்பனியின் லோகோகூட வரவில்லை என்றால், பிழையான செட்டிங் மதர்போர்டில் இருக்கிறது. லோகோ வருகிறது, பயோசுக்குள்ளும் போக முடிகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால், பயோசில் வேறொரு செட்டிங்கோ விண்டோசின் பூட் பதிவோ குழம்பியிருக்கிறது. விண்டோஸ் வந்து, டெஸ்க்டொப்பும் தெரிந்து, ஒரு நிமிஷத்தில் நீலத்திரை அடிக்கிறது அல்லது உறைகிறது என்றால், பயோசில் போட்ட செட்டிங் பாரம் தாங்கவில்லை, அல்லது விண்டோசுக்குள் தானாக ஓடும் ஏதோ ஒரு புரோகிராம் அந்தச் செட்டிங்கைப் போடுகிறது. இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. நீலத்திரை வருகிற பெட்டியில் பற்றரியைக் கழற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

லோகோவே வராவிட்டால்

முதலில் கொஞ்சம் பொறுங்கள். செட்டிங் மாறியதும் போர்ட் ராமை மறுபடி அளந்து பழக்கிக்கொள்ளும், டிடிஆர்5 ராம் உள்ள புதிய போர்டுகளில், அதிலும் ஏஎம்டி ஏஎம்5 போர்டுகளில், இதற்குப் பல நிமிஷம் எடுக்கும், அவ்வளவு நேரமும் திரை கறுப்பாகவே இருக்கும். செத்துப்போச்சு என்று நினைத்து இடையில் ஒஃப் பண்ணினால் அது முதலில் இருந்து தொடங்கும். ஒன் பண்ணிவிட்டுப் போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள்.

வந்து பார்த்தும் இருட்டு என்றால் மொனிட்டர் வயர் எங்கே குத்தியிருக்கிறது என்று பாருங்கள். ப்ரொசெசருக்குள் இருக்கும் கிராஃபிக்சை பயோசில் ஒஃப் பண்ணியிருந்தால் மதர்போர்டில் குத்திய வயரில் படம் வராது, கார்டில் குத்த வேண்டும். இன்டெலில் பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராஃபிக்சே இல்லை. ரைசன் 5000 வரையிலானவற்றில் பெயரில் ‘ஜி’ இல்லாத டெஸ்க்டொப் ப்ரொசெசர்களும் அப்படித்தான். மொனிட்டர் சரியாக இருந்தால் போர்டின் ஓரத்தில் சின்ன லைட்டுகளைத் தேடுங்கள். பல போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு இருக்கும், எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். அதை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பல போர்டுகளுக்குத் தாமாகத் திருந்தும் புத்தியும் உண்டு. சில தடவை எழும்பப் பார்த்துத் தோற்றால், ஓவர்குளொக் சரிவரவில்லை, எஃப்1 அழுத்து என்று ஒரு செய்தி காட்டி உங்களை நேராக பயோசுக்குள் கொண்டுபோய்விடும். அந்தச் செய்தி வந்தால் அதிர்ஷ்டம்தான், மாற்றியதை மட்டும் பழையபடி வைத்து சேவ் பண்ணுங்கள். எல்லாவற்றையும் டிஃபோல்டுக்கு, அதாவது கம்பனி வைத்த நிலைக்கு, கொண்டுபோக வேண்டாம், ஏன் என்று கீழே வரும்.

அதுவும் வராவிட்டால் சீமோசை, அதாவது பயோஸ் செட்டிங்குகள் சேமிக்கப்பட்டிருக்கும் இடத்தை, கிளியர் பண்ண வேண்டும். சுவரில் சுவிட்சை ஒஃப் பண்ணினால் போதும் என்று விடாமல் பிளக்கையே கழற்றுங்கள். கம்பியூட்டர் ஒஃப் ஆக இருந்தாலும் பவர் சப்ளை 5 வோல்ட்டைப் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும், அது இருக்கும் வரை அழிப்பது ஒழுங்காக நடக்காது. கழற்றிய பிறகு பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து செக்கன் அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தேங்கிய கரண்ட் வடிந்துவிடும். சிலவேளை ஃபேன் ஒரு தரம் துடித்து நிற்கும், பயப்பட ஒன்றும் இல்லை.

இப்போது கேசின் பக்கத் தகட்டைக் கழற்றி, கேசின் இரும்பை ஒருமுறை தொட்டு, உடம்பில் உள்ள மின்னை இறக்கிவிட்டு, போர்டில் வட்டமாக மின்னும் சிஆர்2032 பற்றரியைத் தேடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கீழே ஒளிந்திருந்தாலும் இருக்கும். அதற்குப் பக்கத்திலோ போர்டின் அடி ஓரத்திலோ இரண்டு அல்லது மூன்று ஊசி நட்டு, அருகில் பொடி எழுத்தில் பெயர் எழுதியிருக்கும்: அசுசில் சிஎல்ஆர்டிசி, எம்எஸ்ஐயில் ஜேபேட்1, கிகாபைட்டில் சிஎல்ஆர் சீமோஸ் என்ற மாதிரி. இரண்டு ஊசி என்றால் ஸ்குரூ டிரைவர் நுனியால் இரண்டையும் ஒன்றாகத் தொட்டு ஐந்து முதல் பத்து செக்கன் பிடியுங்கள். மூன்று ஊசி என்றால் ஒன்றையும் இரண்டையும் மூடியிருக்கும் சின்னத் தொப்பியை எடுத்து இரண்டிலும் மூன்றிலும் போட்டு, அதே அளவு நேரம் விட்டு, பழைய இடத்துக்கே மாற்றுங்கள். மாற்ற மறந்தால் சில போர்டுகள் ஒன் ஆகவே ஆகாது, பிறகு அதுக்கு வேறு பயந்துகொண்டிருப்பீர்கள்.

கொழும்பில் இருந்து வரும் பழைய கந்தோர் டெல் ஒப்டிபிளெக்ஸ் பெட்டிகள் எங்கள் ஊர்களில் நிறைய ஓடுகின்றன. அவற்றின் போர்டில் பிஎஸ்டபிள்யூடி என்று ஒன்று, ஆர்டிசிஆர்எஸ்டி என்று ஒன்று இருக்கும். முதலாவது பாஸ்வேர்டுக்கு உரியது. எங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

ஊசியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பற்றரியைக் கழற்றுங்கள். ஓரத்தில் ஒரு கொக்கி இருக்கும், அதை நகத்தாலோ மெல்லிய ஸ்குரூ டிரைவராலோ வெளிப்பக்கம் தள்ளினால் பற்றரி தானாகத் துள்ளி எழும்பும், நெம்பத் தேவையில்லை. நெம்பினால் கொக்கி முறியும், முறிந்தால் சோல்டர் வேலை. ஒரு பத்து நிமிஷம் வெளியே வைத்துவிட்டு, கூட்டல் அடையாளம் மேலே தெரியும்படி திரும்ப வையுங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற கல்லடி, காத்தான்குடி மாதிரி இடங்களில் உப்புக்காற்றால் பற்றரி குந்தும் தகட்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். அதை ஐசோப்ரொபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு பற்றரியைப் போடுங்கள். புதிய பற்றரியில் மீட்டர் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். உங்களுடையது அதைவிட நன்றாகக் கீழே காட்டினால், அல்லது ஒவ்வொரு நாளும் திகதி பின்னுக்குப் போகிறது என்றால், இந்தக் கையோடு மாற்றிவிடுங்கள், விலை பெரிதாக வராது.

லப்டொப்பில் இந்த வசதி குறைவு. பல லப்டொப்புகளில் பயோஸ் செட்டிங் பற்றரியை நம்பி இருப்பதில்லை, சிப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும், அதனால் உள்ளே எதையும் கழற்ற முன் கீபோர்ட் வழிகளைப் பாருங்கள். ஓரளவு புதிய டெல்லில் சார்ஜரைக் குத்தியபடி பவர் பட்டனை 30 செக்கன் அழுத்திப் பிடிக்க வேண்டும். எச்பியில் விண்டோஸ் கீயையும் ‘வி’ எழுத்தையும் பிடித்துக்கொண்டு பவரை அழுத்தினால் சீமோஸ் அழியும். ‘வி’க்குப் பதில் ‘பி’யை (ஏ, பி, சி வரிசையில் இரண்டாவது எழுத்து) பிடித்தால் பயோசையே மீட்கப் போகும், அது பயோஸ் பழுதானால் மட்டும் தேவை. பல திங்க்பேடுகளின் அடியில் ஊசி குத்தும் சின்ன ஓட்டை ஒன்று உண்டு, சார்ஜரைக் கழற்றிவிட்டு அதைக் குத்த வேண்டும்.

லப்டொப்பில் இன்னொரு சங்கதி. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்த பிறகு, பல கம்பனிகள் பயோஸ் அப்டேட் மூலம் இன்டெல் ப்ரொசெசரின் வோல்டேஜைக் குறைக்கும் வழியைப் பூட்டிவிட்டன. அந்தப் பூட்டைத் திறக்கிறேன் என்று வீடியோ பார்த்து, மறைந்திருக்கும் பயோஸ் இலக்கங்களைக் கைமாற்றி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு இலக்கம் பிசகினால் மேலே சொன்ன எதுவும் உதவாமல் போகலாம், பயோஸ் சிப்பை புரோகிராமர் கருவியில் மாட்டித் திரும்ப எழுத வேண்டிவரும். அந்த நிலையில் சிப் லெவல் வேலை செய்கிறவரிடமே போங்கள், சாதாரண சேர்விஸ் கடையில் நாள்தான் போகும்.

லோகோ வந்துவிட்டது, விண்டோஸ் வரவில்லை

போமட் அதிகம் அடிபடுவது இந்த இடத்தில்தான், அதுவும் அநியாயமாக. சீமோசை அழித்தால் நீங்கள் மாற்றிய ஒரு நம்பர் மட்டும் போவதில்லை, பயோசில் உள்ள அத்தனையும் கம்பனி வைத்த நிலைக்குப் போகிறது. உங்கள் விண்டோஸ் போடப்பட்ட காலத்தில் பயோஸ் அந்த நிலையில் இருக்கவில்லை என்றால் விண்டோஸ் எழும்பாமல் போகலாம். பார்க்கிறவருக்கு விண்டோஸ் கெட்டுப்போன மாதிரியே தெரியும். அதில் ஒரு பிழையும் இல்லை.

முதலில் டிஸ்க் மோட், அதாவது போர்ட் டிஸ்கோடு பேசும் முறை. பயோசில் சாட்டா அல்லது ஸ்டோரேஜ் என்ற பக்கத்தில் ஏஎச்சிஐ, ரெய்ட், புதிய இன்டெலில் விஎம்டி என்று இருக்கும். விண்டோஸ் ஏஎச்சிஐயில் போடப்பட்டு, ரீசெட்டுக்குப் பிறகு பயோஸ் ரெய்டுக்கு மாறியிருந்தால் ‘இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத்திரை அடிக்கும். டெல் பெட்டிகளில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் பல மொடல்களில் கம்பனி நிலையே ‘ரெய்ட் ஒன்’ தான், இங்கே விண்டோஸ் போட்டவர் அதை ஏஎச்சிஐக்கு மாற்றித்தான் போட்டிருப்பார். மற்ற மோடுக்கு மாற்றி, சேவ் கொடுத்துப் பாருங்கள். சரி என்றால் உடனே எழும்பும். சரியில்லை என்றால் திரும்ப மாற்றலாம், மோடை மாற்றிப் பார்ப்பதால் தனி டிஸ்க் ஒன்றில் எதுவும் அழியாது. அந்தப் பக்கத்தில் ரெய்ட் வொல்யூம் உருவாக்கவா, அழிக்கவா என்று கேட்கும் எதையும் மட்டும் தொடாதீர்கள்.

அடுத்தது பழைய முறை பூட், அதாவது சிஎஸ்எம் அல்லது லெகசி. பழைய பெட்டியில் விண்டோஸ் 7 காலத்தில் போட்டு, அதிலிருந்தே 10க்கு ஏற்றியது என்றால் அனேகமாக லெகசியில்தான் இருக்கும். புதிய போர்டுகளின் டிஃபோல்டில் சிஎஸ்எம் ஒஃப். அப்போது டிஸ்க் பயோசில் தெரியும், ஆனால் பூட் லிஸ்டில் வராது, ஒன் பண்ணும் ஒவ்வொரு முறையும் நேராக பயோசுக்குள்ளேயே வந்து நிற்கும். செக்கியூர் பூட்டை ஒஃப் பண்ணி, சிஎஸ்எம்மை ஒன் பண்ணுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வேறு டிஸ்கில் இருந்து எழும்பப் பார்த்தால் பூட் ஓர்டரை மாற்றுங்கள், அது சின்ன வேலை. திகதியும் நேரமும் பின்னுக்குப் போயிருக்கும், அதையும் சரிபண்ணுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் வந்த பிறகு வெப்சைட்டுகள் பாதுகாப்பில்லை என்று முரண்டு பிடிக்கும்.

மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது: பிட்லொக்கர், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் பயோஸ் மாறியதைக் கண்டு விண்டோஸ் ஒரு நீலப் பக்கத்தில் 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். “நான் பிட்லொக்கர் போடவே இல்லையே” என்பார்கள். மைக்ரோசொஃப்ட் எக்கவுண்ட் போட்டு செட்டப் செய்த பல லப்டொப்புகளில் அது தானாகவே போடப்படுகிறது, விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் இருந்து டெஸ்க்டொப்புகளுக்கும் அது பரவலாக வந்துவிட்டது. கீ அந்த எக்கவுண்டில் இருக்கும். போனில் மைக்ரோசொஃப்ட் எக்கவுண்டுக்குள் போய், டிவைஸ் பகுதியில் ரிகவரி கீயைத் தேடி, திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தோடு ஒப்பிட்டு எடுங்கள். வாங்கிய நேரம் கடைக்காரர் தன்னுடைய ஈமெயிலைப் போட்டு செட்டப் செய்து தந்திருந்தால் அவரிடம்தான் போக வேண்டும். கீ எங்கும் இல்லாவிட்டால் அந்த டேட்டாவை எடுக்க வழியில்லை, எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள்.

ரைசன் போர்டுகளில் இதோடு சேர்ந்த ஒரு பொறி உண்டு. எஃப்டிபிஎம் (ப்ரொசெசருக்குள் இருக்கும் சாவிப் பெட்டகம்) மாறிவிட்டது, ரீசெட் பண்ண ‘வை’, வேண்டாம் என்றால் ‘என்’ என்று கறுப்புத் திரையில் கேட்கும். வாசிக்காமல் ‘வை’ அடிக்கிறவர்கள்தான் அதிகம். ‘என்’ அடியுங்கள். ‘வை’ அடித்தால் பிட்லொக்கர் கீயை வைத்திருக்கும் பெட்டகமே அழியும், பிறகு அந்த 48 இலக்கம் கையில் இருந்தால்தான் உண்டு.

விண்டோசுக்குள்ளேயே போட்ட கட்டு

‘எம்எஸ்கொன்ஃபிக்’ என்ற விண்டோஸ் செட்டிங் புரோகிராமைத் திறந்து, பூட் பகுதியில் ப்ரொசெசர் எண்ணிக்கையை டிக் பண்ணி ஆகக்கூடியதைத் தெரிவு செய்தால் கம்பியூட்டர் பறக்கும் என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். சுத்தப் பொய். அந்தப் பெட்டி டிக் இல்லாமல் இருக்கும்போதே விண்டோஸ் எல்லாக் கோரையும் பாவிக்கிறது, அந்த இடம் சோதனைக்காகக் குறைத்துப் பார்ப்பதற்குத்தான். அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஆகக்கூடிய மெமரி என்ற பெட்டிதான் ஆபத்து. அதையும் டிக் பண்ணி ஏதாவது சின்ன இலக்கம் விழுந்துவிட்டால் விண்டோசுக்கு எழும்பப் போதிய ராம் கிடைக்காது. இது பயோசில் இல்லை, ஆகவே சீமோசை ஆயிரம் தரம் அழித்தாலும் போகாது.

இதற்கு விண்டோசின் ரிகவரிப் பக்கம் வேண்டும். விண்டோஸ் லோகோவும் சுற்றும் வட்டமும் வரும் நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஒஃப் பண்ணுங்கள். இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்தால் அடுத்த முறை ஒட்டோமெற்றிக் ரிப்பெயர் வரும். வராவிட்டால் வேறொரு கம்பியூட்டரில் விண்டோஸ் பென்ட்ரைவ் ஒன்று செய்து, அதில் இருந்து எழுப்பி, ‘ரிப்பெயர்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். இன்ஸ்டோலை அழுத்திவிடாதீர்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட், கொமாண்ட் ப்ரொம்ப்ட் என்று உள்ளே போங்கள்.

அங்கே அடிப்பதெல்லாம் ஆங்கில எழுத்தில், நான் ஒலியை மட்டும் எழுதுகிறேன். ‘பிசிடிஎடிட்’ என்று சேர்த்து அடித்து என்டர் கொடுத்தால் பூட் பதிவு முழுக்க வரும். அதில் விண்டோஸ் பூட் லோடர் என்ற பகுதியில் ‘நம்ப்ரொக்’ என்றோ ‘ட்ரங்கேட்மெமரி’ என்றோ ஒரு வரி இருந்தால் அதுதான் கட்டு. அவிழ்க்க, ‘பிசிடிஎடிட்’, ஒரு இடைவெளி, முன்சாய்கோட்டோடு ஒட்டி ‘டிலீட்வேல்யூ’, இடைவெளி, நெளிவு அடைப்புக்குள் ‘டிஃபோல்ட்’, இடைவெளி, கடைசியாக அந்த வரியின் பெயர். என்டர். வெற்றி என்று ஒரு வரி வந்தால் ரீஸ்டார்ட் பண்ணுங்கள். இரண்டு வரியும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியே அடிக்க வேண்டும். டிஃபோல்ட் என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அது சொன்னால், லிஸ்டில் அந்தப் பகுதிக்கு நேரே இருக்கும் ஐடென்டிஃபயரை அடைப்போடு அப்படியே போடுங்கள்.

வேர்ச்சுவலைசேஷனை ஒன் பண்ணியதில் இருந்துதான் பிரச்சினை என்றால் பயோசில் அதை ஒஃப் பண்ணிப் பாருங்கள், விண்டோஸ் அது இல்லாமலும் எழும்பும். எமுலேட்டர் மட்டும் ஓடாது.

டெஸ்க்டொப் வந்து நீலத்திரை அடித்தால், அதில் ‘குளொக் வோட்ச்டொக் டைம்அவுட்’ அல்லது ‘வியா அன்கரெக்டபிள் எரர்’ என்று இருந்தால், ப்ரொசெசருக்குக் கிடைக்கும் வோல்டேஜ் காணாது என்று முதலில் சந்தேகியுங்கள். பயோசில் மாற்றியிருந்தால் அங்கேயே பழையபடி வையுங்கள். இல்லாவிட்டால் ரைசன் மாஸ்டர், இன்டெல் எக்ஸ்டியு, த்ரொட்டில்ஸ்டொப் மாதிரி ப்ரொசெசர் செட்டிங்கை மாற்றும் புரோகிராம் ஒன்றைப் போட்டு, விண்டோஸ் தொடங்கும்போதே ஓடும்படி வைத்திருப்பீர்கள். மேலே சொன்ன ரிகவரிப் பக்கத்தில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய், ரீஸ்டார்ட் ஆனதும் எஃப்4 அழுத்தினால் சேஃப் மோட் வரும், அங்கே இவை ஓடாது. அதில் இருந்து அந்தப் புரோகிராம் தானாக ஓடாதபடி நிறுத்துங்கள். த்ரொட்டில்ஸ்டொப் என்றால் அதன் ஃபோல்டரில் உள்ள ஐஎன்ஐ ஃபைலின் பெயரை மாற்றினாலே அது பழைய இலக்கங்களை மறந்துவிடும்.

எல்லாம் டிஃபோல்டில் இருந்தும் இதே நீலத்திரை தொடர்ந்தால் ப்ரொசெசரையே பார்க்க வேண்டும். இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் ப்ரொசெசர்கள் சில அளவுக்கு மீறிய வோல்டேஜ் வாங்கித் தேய்ந்துபோவதை இன்டெலே ஒப்புக்கொண்டு, 2024இல் மைக்ரோகோட் (ப்ரொசெசருக்குள் ஓடும் நுண் புரோகிராம்) திருத்தங்கள் கொடுத்து, தனிப் பெட்டியில் அடைத்து விற்ற ப்ரொசெசர்களுக்கு வொரண்டியை இன்னும் 2 வருஷம் நீட்டியது. உங்களுடையது அந்த வகை என்றால் பயோசை அப்டேட் பண்ணுங்கள். ஏற்கெனவே தேய்ந்ததை அப்டேட் திருப்பித் தராது, அதற்கு வொரண்டிதான்.

இன்னும் இருட்டு என்றால்

சீமோசை அழித்தும் லோகோ வராவிட்டால் ஒரு ராமை மட்டும் வைத்துப் பாருங்கள், நான்கு ஸ்லொட் என்றால் ப்ரொசெசரில் இருந்து எண்ணி இரண்டாவதில். போர்டின் பின்பக்கம் பயோஸ் ஃப்ளாஷ்பேக் என்று பட்டனும் அதற்கென்று ஒரு யுஎஸ்பி வாயும் இருந்தால் அதிலும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஃபேட்32இல் தயார் செய்த பென்ட்ரைவில், போர்டின் சரியான மொடலுக்குரிய பயோசை, மெனுவலில் சொன்ன பெயருக்கு மாற்றிப் போட்டு, பட்டனை அழுத்தினால், ப்ரொசெசர் இயங்காவிட்டாலும் அது தானே எழுதிக்கொள்ளும். லைட் மின்னி முடியும் வரை கரண்ட் போகக் கூடாது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் வானம் இருண்டு இடி முழங்கத் தொடங்கினால் இந்த வேலைக்குக் கை வைக்காதீர்கள், யுபிஎஸ் இருந்தாலும் அடுத்த நாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

எழும்பிய பிறகு ஆசை விடாது, தெரியும். திரும்ப மாற்றுவதென்றால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், மாற்ற முன் அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து. பிட்லொக்கர் இருந்தால் முதலில் விண்டோசுக்குள் அதை சஸ்பெண்ட் பண்ணிவிட்டு, கீயையும் எழுதி வைத்துவிட்டு. வோல்டேஜைக் குறைப்பதென்றால் 10, 20 மில்லிவோல்ட்டாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் நல்ல நேரம் பாரம் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். மாரியில் குளிர்ந்த அறையில் ஓடிய இலக்கம் கச்சான் வெக்கையில் தாங்கும் என்று எண்ண வேண்டாம். என்னைக் கேட்டால், சூடுதான் பிரச்சினை என்றால் முதலில் ஹீட்சிங்கில் அடைந்த தூசியைத் தட்டி, காய்ந்த தேர்மல் பேஸ்டை மாற்றுங்கள். நான் பார்த்த பெட்டிகள் பலவற்றுக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

எதற்கும் சரிவராமல் கடைக்குக் கொண்டுபோவதென்றால், பொத்துவிலில் இருந்தோ திருக்கோவிலில் இருந்தோ பஸ்ஸில் வருகிறவர்கள் மொனிட்டரையும் கீபோர்டையும் சுமக்க வேண்டாம், கேஸ் மட்டும் போதும். டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். லோகோ வராத பெட்டியைப் பார்க்க டிஸ்க் தேவையே இல்லை, கேட்டால் அப்படியே சொல்லுங்கள். லோகோ வந்து விண்டோஸ் மட்டும் வராத பெட்டி என்றால், டிஸ்கை ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு வேறொரு கம்பியூட்டரில் குத்தி வேண்டியதைக் கொப்பி எடுத்துக்கொண்டு, பிறகு கொடுங்கள். என்ன மாற்றினீர்கள் என்று எழுதிய தாளையும் எரிந்த லைட்டின் படத்தையும் காட்டி, போமட் அடிக்க முன் கோல் எடுக்கச் சொல்லி, அதை ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.